ணகரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

9-4-57, செவ்வாய்

சித்தூர் கடைத்தெருவில் சாக்கடை வெட்டுகிறார்கள். ஸ்டுடியோ கதவைச் சாத்தினால் வேர்வை, திறந்தால் செம்மண். பங்காருபாளையத்துக் கல்யாணப் படங்கள் அத்தனையிலும் தூசி. மணப்பெண் மூக்கில் ஒன்று, மாமனார் தலைப்பாகையில் நாலு. கண்ணாடி நெகட்டிவ் பிளேட்டில் தூசி உட்கார்ந்தால் பிரிண்ட்டில் வெள்ளைப் புள்ளியாக விழும். நுனி மயிர்ப் பிரஷ்ஷால் ஒவ்வொன்றையும் மையால் அடைக்க வேண்டும். டச்சிங் என்று பெயர், பிழைப்பு என்று அர்த்தம். இன்று மட்டும் நாற்பதுக்கு மேல் அடைத்தேன். கண் எரிகிறது.

தம்பி நகரியிலிருந்து கடிதம் போட்டிருக்கிறான். மதராஸோடு சேர்க்கச் சொல்லும் எல்லை மனுவில் நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கு மதராஸ் மனிதர்களும் வாடிக்கை, ஆந்திரா ஆபீசர்களும் வாடிக்கை. பதில் எழுதவில்லை.

12-4-57, வெள்ளி

கோர்ட்டு வேலை. புத்தூர் கோர்ட்டிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் நாலு காகிதம் கொண்டுவந்தார். ஒன்று, நகரிக்கு அடுத்த மேலப்பட்டு கிராமத்துக்காரர்கள், எங்களை மதராஸோடு சேருங்கள் என்று போன வருஷம் எழுதிய மனு. மற்ற மூன்றும் நிலப் பத்திரங்கள். நாலிலும் துலுக்காணம் என்ற விவசாயியின் கையெழுத்து. ஆள் இப்போது உயிரோடு இல்லை. மனு எழுதிய சமயம் அப்பா படுத்த படுக்கை, பேனாவே பிடித்திருக்க முடியாது என்று மகன் முனிரத்தினம் புகார் கொடுத்திருக்கிறான். மனுவை ஊர் ஊராக எடுத்துப்போன தமிழ் வாத்தியார் தணிகாசலம்தான் போலியாகப் போட்டார் என்று வழக்கு.

திருப்பதியிலிருக்கும் கையெழுத்து நிபுணர் ரங்கையா பத்து மடங்கு பெரிதாக்கிய படங்கள் கேட்டிருக்கிறார். கேமராவின் பெல்லோஸ் துருத்தியை முழுக்க இழுத்து, கோடு போட்ட கண்ணாடி ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். விளக்கைத் தாழ வைத்து பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் நிப்பு காகிதத்தில் உழுத தடம் நிழலோடு தெரியும். அப்படியும் ஒரு பிளேட் எடுக்க நினைத்தேன். கான்ஸ்டபிளுக்கு நாலு மணி பஸ். "கேட்டத மட்டும் எடுங்க சாமி" என்றார். விட்டுவிட்டேன். வாத்தியாரின் கையெழுத்து மாதிரியும் ஒன்று எடுத்தேன். அச்சு மாதிரி ஓட்டம், எங்கேயும் நின்று யோசிக்காத கை.

15-4-57, திங்கள்

கோர்ட்டுப் பிரிண்ட்டுகள் முடிந்தன, ஒவ்வொன்றிலும் மூன்று. எல்லாவற்றிலும் தூசி, வேறென்ன. ஓரங்களில் இருந்ததை அடைத்தேன். மனுவில் இருக்கும் கையெழுத்தில் 'ண'வின் நடுவிலும் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அதையும் தொட்டுவிட்டேன். படம் பளிச்சென்று இருக்கிறது.

தாட்சாயணி வைத்த மோர்க்குழம்பு வாயில் வைக்க முடியவில்லை. சொன்னால் நாலு நாளைக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். சொல்லவில்லை.

20-6-57, வியாழன்

புத்தூர் போய் சாட்சி சொன்னேன். இந்தப் படங்களை எடுத்தது நீதானா? நான்தான். ஏதாவது மாற்றம் செய்தாயா? இல்லை.

சத்தியம் பண்ணிச் சொன்னது. எனக்குப் பிறகு ரங்கையா ஏறினார். மெலிந்த மனிதர், தலையில் சரிகைத் தலைப்பாகை, குரல் மட்டும் பெரியது. துலுக்காணம் வயதான பிறகு கையெழுத்துப் போடக் கற்றவர், அதனால் 'ண'வில் இரண்டு சுழி போட்டதும் பேனாவைத் தூக்கிவிட்டு மறுபடி வைப்பார், மூன்று பத்திரத்திலும் அந்த இடைவெளி இருக்கிறது என்றார். மனுவில் கோடு அறுபடாமல் ஓடுகிறது, இது வேறு கை, படத்தைப் பாருங்கள் என்றார். "போட்டோ அபத்தம் செப்பது" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுத் தமிழிலும் சொன்னார். படம் பொய் சொல்லாதாம். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதத்தானே வேண்டும்.

கூண்டில் நின்ற வாத்தியார் ஒன்றுதான் சொன்னார். "இல்ல சார். அன்னிக்கும் ரெண்டு சுழி போட்டுட்டு மூச்சு வாங்கினாரு. நான் பாத்துக்கினு இருந்தேன்."

4-7-57, வியாழன்

தணிகாசலத்துக்கு ஆறு மாதம். அப்பீல் போகிறார்களாம். ஜாமீன் கிடைக்கவில்லை.

21-8-57, புதன்

அப்பீலுக்காக வாத்தியாரின் வக்கீல் நாகபூஷணம் புதுப் பிரதி கேட்டிருந்தார். மனுக் கையெழுத்தின் பிளேட்டை எடுத்துப் பிரிண்ட் போட்டேன். 'ண'வின் நடுவில் வெள்ளைப் புள்ளி.

பிளேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். இருக்கிறது. மூன்றாவது முறை கழுவிக் காயவைத்துப் போட்டேன். அதே இடம், அதே அளவு. இப்போது தெருவில் சாக்கடை வேலையும் இல்லை, தூசியும் இல்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பிளேட்டைப் பார்த்தேன். அது தூசி அல்ல. இரண்டாவது சுழி முடிகிற இடத்தில் மை சின்னதாகத் திரண்டிருக்கிறது. அப்புறம் காகிதம். அப்புறம் மறுபடி திரண்ட மை. பேனாவைத் தூக்கி, மறுபடி வைத்த இடம். கிழவர் அங்கே மூச்சு வாங்கியிருக்கிறார்.

ஏப்ரல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது. "அதையும் தொட்டுவிட்டேன்." ஐயோ. என்ன காரியம் பண்ணிட்டேன் நான். அந்தப் பிரஷ் முனையில ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போயிட்டாரு.

22-8-57, வியாழன்

இதை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

வக்கீலின் குமாஸ்தா காலையில் வந்து பிரதிக்காக உட்கார்ந்துவிட்டார். புள்ளியோடு கொடுத்தால் கோர்ட்டில் இருக்கும் படத்தோடு ஒத்துப்போகாது. ஏன் என்று கேட்பார்கள். மாற்றம் செய்தாயா, இல்லை என்று சத்தியம் பண்ணியவன் நான்.

உள்ளே போய் அந்தப் புள்ளியை மறுபடி அடைத்தேன். மூன்று பிரதியிலும். ஏப்ரலில் செய்தது தவறு. இன்று செய்ததற்கு என்ன பெயர்?

23-8-57, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை.

24-8-57, சனி

"இன்னா, ரெண்டு நாளா துன்னாம கொள்ளாம உக்காந்துகினு கீறீங்க" என்று தாட்சாயணி பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன். முதலில் புரியவில்லை. பிளேட்டைக் கையில் கொடுத்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத உடைச்சிப் போட்டா யாருக்குத் தெரியும்?" என்றாள். "அவ்ளோ பெரிய மனுஷன் பாத்துட்டு தானே சொன்னாரு? நீங்க படம் புடிக்கிறவரு. உங்கள இன்னா பண்ணுவாங்க?"

என்னை என்ன பண்ணுவார்கள் என்பதுதான் எனக்கும் பயம். பொய்ச் சத்தியத்துக்கு ஜெயில் உண்டு. பிளேட்டை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன், உடைக்கவில்லை. உடைக்காததற்கு நல்ல மனசு காரணமில்லை, தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

30-8-57, வெள்ளி

வாத்தியாரின் மனைவி பொன்னியம்மாள் வந்தார். நகரியிலிருந்து பஸ்ஸில் வந்து, வக்கீலைப் பார்த்துவிட்டு விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தார்.

"பெரிசு பண்ண படம் நீங்க தானே எடுத்தீங்க? துலுக்காணம் மாமா எங்க வீட்டுல தான் சார் கையெழுத்து போட்டாரு. கட்டில்ல சாஞ்சிக்கினு. நான் தான் மைப்புட்டி புடிச்சிக்கினு நின்னேன். பொண்டாட்டி சாட்சி செல்லாதுன்னுட்டாங்க."

நான் மேசையில் கிடந்த பிரஷ்ஷை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இன்னும் பெருசு பண்ணா அதுல என் கை நிழலும் தெரியுமா சார்? எவ்ளோ பெருசு பண்ணா தெரியும்?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். தெரியாதும்மா என்றேன். சரிங்க சார் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. சாவி இடுப்பில் இருந்தது. வாயைத் திறந்திருக்கலாம். என்னைக் கும்பிட்டுட்டுப் போறாங்க. என்னை!

தாட்சாயணி திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

8-9-57, ஞாயிறு

திருப்பதி போனேன். போன வாரம் புதிதாகப் போட்டுவைத்த, அடைக்காத பிரிண்ட் ஒன்றை நோட்டுக்குள் வைத்து எடுத்துப்போய் ரங்கையாவிடம் கொடுத்தேன். அவரிடம் முதலில் சொல்லிவிட்டால் அவரே ஏதாவது வழி பண்ணுவார், நான் கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்காது என்று ஒரு நப்பாசை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கோவர்த்தனம், இது தூசா?"

"இல்ல சார்."

"உனக்கு எப்போ தெரிஞ்சது?"

"ஆகஸ்ட் இருபத்தொண்ணு."

"இன்னிக்கு செப்டம்பர் எட்டு." விரலை மடக்கி எண்ணினார். ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல். "பதினெட்டு நாள் ஏம் சேசாவய்யா? பதினெட்டு நாள் என்ன பண்ணே?"

இருபத்திரண்டாம் தேதி செய்ததையும் சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தது.

"நான் கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொன்னது உன் பிரஷ் போட்ட கோட்டை. காகிதத்தப் பாத்திருக்கணும். அன்னிக்கு வானம் மப்பு, கோர்ட்டுக்குள்ள வெளிச்சம் இல்ல. படம் இருக்கேன்னு விட்டுட்டேன். தப்பு நாதி கூடா." தன்னுடைய தப்பும்தான் என்கிறார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அதற்குள், "நீ போ, பிரிண்ட் இங்க இருக்கட்டும். பிளேட்ட வக்கீல்கிட்ட நீயே கொடு. நான் சொல்லி நீ கொடுத்ததா இருக்கக்கூடாது" என்று கதவு வரைக்கும் வந்து அனுப்பிவிட்டார்.

திருப்பதி வரைக்கும் வந்து மலை ஏறாமல் திரும்பியது இதுதான் முதல் தடவை. மொட்டைத் தலையோடு ஜனங்கள் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். எந்த முகத்தோடு ஏறுவது?

பஸ்ஸில் வரும்போது வேறு யோசனை வந்தது. பிரிண்ட்டில் யார் வேண்டுமானாலும் சுரண்டிப் புள்ளி வைக்கலாம். பிளேட் இல்லாவிட்டால் அந்தப் பிரிண்ட் ஒன்றுக்கும் உதவாது. அப்படித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். உள்ளதைத்தானே எழுத வேண்டும்.

9-9-57, திங்கள்

காலையில் ஸ்டுடியோவைத் திறந்ததும் நேராக டிராயருக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இந்த நோட்டில்கூட எழுதக் கூசுகிறது. பிளேட் இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். தாட்சாயணி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். "உடைச்சிட்டியா?" என்று கத்தினேன். அவள் எழுந்துபோய் கேழ்வரகுப் பானைக்குள் கைவிட்டு, பழைய புடவையில் சுற்றிய மூட்டையை எடுத்தாள். பிளேட்தான். கீறல்கூட இல்லை.

"முந்தாநாள் சனிக்கிழமையே இன்னொரு சாவி போட்டு எடுத்துட்டேன். நீங்க உடைச்சிடுவீங்கன்னு தான்."

"நீதானே உடைக்கச் சொன்னே?"

"சொன்னேன். அந்தப் பொம்பள வந்துட்டுப் போன அன்னிலேர்ந்து அவ மூஞ்சி தான் கண்ணு முன்னாடி நிக்குது. மைப்புட்டியப் புடிச்சிக்கினு நிக்கிறா."

நான் உடைப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணியவள். தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முறம் அப்படியே கிடந்தது.

17-9-57, செவ்வாய்

பிளேட்டோடு நாகபூஷணம் வக்கீலிடம் போனேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. தேதிகளைத்தான் கேட்டார். எப்படி இவ்வளவு சரியாக ஞாபகம் இருக்கிறது என்றார். நோட்டில் எழுதி வைப்பேன் என்று உளறிவிட்டேன். நாளைக்கு நோட்டையும் கொண்டுவாருங்கள் என்றார்.

ஆகவே இது கோர்ட்டுக்குப் போகிறது. ஆகஸ்ட் 22 பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு மணி நேரமாக நோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கிழித்தால் ஏப்ரல் தவறு மட்டும் இருக்கும். தூசியென்று நினைத்து அடைத்துவிட்டான், பாவம், நல்லவன், தானே வந்து சொன்னான் என்பார்கள். அந்தப் பக்கம் இருந்தால் நான் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தாட்சாயணி தம்ளரில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

கிழிக்கவில்லை. இன்னொரு கோட்டைத் தொட என்னால் ஆகாது.

5-2-58, புதன்

நோட்டு திரும்பி வந்துவிட்டது. ஏப்ரல் 15, ஆகஸ்ட் 21, 22 பக்கங்களில் கோர்ட்டு முத்திரையும் நம்பரும் இருக்கின்றன. அந்த மூன்றையும் நடுக் கோர்ட்டில் சத்தமாக வாசித்தார்கள். மோர்க்குழம்பு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள், ஜட்ஜும்கூட. கூண்டில் இருந்த வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. ஊர் முழுக்கப் பரவி, தாட்சாயணி இப்போது மோர்க்குழம்பே வைப்பதில்லை.

நடந்ததைச் சுருக்கமாக எழுதி வைக்கிறேன். மூல மனுவையே வரவழைத்தார்கள். வேறொரு போட்டோக்காரரைக் கொண்டு பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தார்கள். அந்த இடத்தில் நிப்பின் தடம் நின்று, மறுபடி தொடங்குகிறது. நான் ஏப்ரலில் எடுக்காமல் விட்ட படம் அதுதான். ரங்கையா கூண்டேறி, என் அபிப்பிராயம் தவறு என்றார். படத்தை ஒதுக்கிவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போய், வெயிலுக்கு நேராகப் பிடித்து பூதக்கண்ணாடி வைத்தார். கோட்டின் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம். ஜட்ஜ் இறங்கி வந்து பார்த்தார். பிறகு துலுக்காணத்தின் மகன் முனிரத்தினத்தையும் பார்க்கச் சொன்னார்கள்.

அவன் குனிந்து பார்த்தான். நிமிரவே இல்லை. "கையி நடுங்கினு இருந்துச்சு சார், பேனா புடிச்சிருக்க மாட்டாருன்னு தான் நெனச்சேன். எங்க நைனா தான் இது. அவரு தான் மூச்சு வாங்கினு நின்னுருக்காரு." அவன் பொய்யன் என்று நான் மனசுக்குள் எத்தனை தடவை திட்டியிருப்பேன். பொய் சொன்னவன் அந்தக் கோர்ட்டில் நான் ஒருத்தன்தான்.

டிசம்பர் இருபதாம் தேதி விடுதலை. தண்டனை முடிய இன்னும் பதினாலு நாள் இருந்தது. ஐந்தரை மாசம் உள்ளே இருந்தாகிவிட்டது. என் பதினெட்டு நாளை நான் விரலால் எண்ணிப் பார்க்காத நாள் இல்லை.

என்மேல் நடவடிக்கை இல்லை, கண்டனம் மட்டும். தானாக முன்வந்து சொன்னதால் என்று தீர்ப்பில் இருக்கிறதாம். கோர்ட்டு வேலை இனி எனக்குக் கிடையாது. சரி.

விடுதலையான அன்று வாத்தியார் வாசலில் நின்றார். கிட்டே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. பொன்னியம்மாள்தான் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாத்தியார் பார்க்கவில்லை.

2-4-60, சனி

இந்த நோட்டை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் சில பக்கங்கள் மிச்சம்.

நேற்றிலிருந்து திருத்தணி மதராஸில். நாங்கள் ஆந்திராவிலேயே. நகரியும் இங்கேதான், அத்தனை கையெழுத்துப் போட்ட மேலப்பட்டும் இங்கேதான். கடைத்தெருவில் ஒரு பக்கம் வெடி, ஒரு பக்கம் முணுமுணுப்பு. சாயங்காலத்துக்குள் இரண்டும் ஓய்ந்துவிட்டன.

பத்து மணிக்குத் தணிகாசலம் வந்தார். கூடவே பொன்னியம்மாள். பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறதாம், விண்ணப்பத்துக்குப் படம் வேண்டுமாம். சித்தூரில் வேறு இரண்டு ஸ்டுடியோ இருக்கிறது. ஏன் இங்கே வந்தார் என்று கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று பயம்.

உட்கார வைத்து எடுத்தேன். மெலிந்திருக்கிறார், காதோரம் நரை. எடுத்து முடித்ததும் அவராகவே பேசினார்.

"அவசரமா வேணும் சார். டச்சிங் எல்லாம் வேணாம்."

"செய்ய மாட்டேன் சார்" என்றேன். மூன்று வருஷமாகச் சொல்ல வைத்திருந்தது வேறு. வந்தது இதுதான்.

மத்தியானம் படங்களைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்கு டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைக் கொடுத்தேன். அவர் பிடித்த விதமே வேறாக இருந்தது. கட்டைவிரல் மடங்கவில்லை. "உள்ள கயிறு திரிக்கிற வேலை குடுத்தாங்க சார், அதுலேர்ந்து இப்படித்தான்" என்று பொன்னியம்மாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். மைப்புட்டியை அந்த அம்மாள்தான் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு டெலிவரி நோட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியே தேவைப்படவில்லை. தணிகாசலம் என்று எழுத மூன்று இடத்தில் பேனாவைத் தூக்கியிருக்கிறார். 57இல் நான் பெரிதாக்கிய அவருடைய மாதிரிக் கையெழுத்தில் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. அந்தப் பிளேட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தே வைத்தேன். காய்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது. தாட்சாயணி சாப்பிடக் கூப்பிடுகிறாள். இன்னும் மூடவில்லை.